பழைய ஆன்லைன் வகுப்புகளை அழிப்பதா, வைப்பதா? கல்லூரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

புதிய கல்வியாண்டு தொடங்கும்போதெல்லாம் கல்லூரிகளின் கணினிப் பிரிவில் ஒரு கேள்வி எழும். “சர்வர் ஃபுல் ஆயிடுச்சு சார், பழைய வகுப்பையெல்லாம் தூக்கிடலாமா?” புதிய வகுப்புகளைத் திறக்க இடம் வேண்டும் என்பதால் அவர் கேட்பது நியாயம்தான். ‘சரி, தூக்கிடுங்க’ என்று பதில் சொல்பவருக்கு, தூக்கப்போகும் குவியலுக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரியுமா என்பதில்தான் சிக்கல்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் படித்தவரின் மதிப்பெண்ணைப் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டி எடுத்துக் கொடுக்கும் கல்லூரிகள் இங்கே உண்டு. அதே கல்லூரியில், 2021-ல் ஆன்லைனில் நடந்த ஒரு பாடத்தின் இன்டர்னல் மார்க் எப்படி வந்தது என்று கேட்டால், காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போகலாம். காகிதத்துக்கு ஓர் அலமாரி, அலமாரிக்கு ஒரு சாவி, சாவிக்கு ஒரு பொறுப்பாளர் என்று பழகிப்போன ஒழுங்கு இருந்தது. ஆன்லைன் வகுப்புக்கு அந்த ஒழுங்கு பல இடங்களில் இன்னும் வரவில்லை.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

2020 மார்ச்சில் கரோனா ஊரடங்கு வந்தபோது, வகுப்புகள் ஒரே வாரத்தில் கூகுள் கிளாஸ்ரூமுக்கும் மூடுலுக்கும் ஜூமுக்கும் மாறின. பாடக் குறிப்பு, வீடியோ, வருகைப்பதிவு, அசைன்மென்ட், வினாடி வினா எல்லாம் அங்கேயே நடந்தன. வீட்டிலிருந்தே தேர்வெழுதி, விடைத்தாளை செல்போனில் ஸ்கேன் செய்து அனுப்பிய பருவத் தேர்வுகளும் உண்டு. கல்லூரி திறந்த பிறகும் இந்தப் பழக்கம் முழுதாக நிற்கவில்லை. அசைன்மென்ட்டும் இன்டர்னல் தேர்வும் பல துறைகளில் இன்றும் ஆன்லைன்தான்.

அந்தச் சமயத்தில் பல கல்லூரிகள் நம்பியது கூகுள் தந்த அளவில்லாத இலவச இடத்தை. அதை நிறுத்தப்போவதாக 2021 பிப்ரவரியில் கூகுள் அறிவித்தது. 2022 ஜூலை முதல் ஒரு கல்வி நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட் என்று வரம்பு வந்தது. கேட்கப் பெரிதாகத் தோன்றும். 5,000 மாணவர்கள் உள்ள கல்லூரிக்குக் கணக்குப் போட்டால் ஆளுக்கு 20 ஜி.பி. மட்டுமே, ஆசிரியர்களின் வீடியோக்களும் அதற்குள்தான் அடங்க வேண்டும். சொந்த சர்வரில் மூடுல் நடத்தும் கல்லூரிகளுக்கு ஹார்டு டிஸ்க் செலவு. இரண்டு பக்கமும் ‘பழசை அழி’ என்ற அழுத்தம் வருகிறது.

பழசை யார் திரும்பக் கேட்கப் போகிறார்கள்?

முதலில் அரியர் மாணவர்கள். 2001-02 காலத்தில் சேர்ந்து தாள் நிலுவை வைத்திருந்தவர்களுக்கும் சிறப்பு வாய்ப்பு தருவதாக அண்ணா பல்கலைக்கழகம் 2021-ல் அறிவித்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய பாடத்தைப் படிக்க ஒருவர் திரும்பி வருகிறார் என்றால், அன்றைய பாடத்திட்டம் எங்கேயாவது இருந்தாக வேண்டும்.

அடுத்து, வெளிநாட்டுக்குப் போகிறவர்கள். மேற்படிப்புக்கோ குடியேறவோ விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாமல், ஒவ்வொரு தாளிலும் என்ன கற்பிக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் என்று கல்லூரியின் முத்திரையோடு கேட்கும் இடங்கள் உண்டு. அரசு வேலையில் சேர்ந்தவரின் சான்றிதழ் உண்மைதானா என்று கல்லூரிக்குக் கடிதம் வருவதும் வழக்கம். படித்து முடித்துப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கடிதம் வரலாம்.

மூன்றாவது, இடையில் நிறுத்தியவர்கள். யூ.ஜி.சி. 2021-ல் கொண்டுவந்த அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் விதிகளின்படி, ஒரு மாணவர் சேர்த்த கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் வரை செல்லும். குடும்பச் சூழ்நிலையால் படிப்பை விட்ட பெண் ஆறாவது ஆண்டில் வேறொரு கல்லூரியில் சேர வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘நாலு கிரெடிட்’ என்பது கணக்கில் இருக்கும். அந்த நாலு கிரெடிட்டுக்கு என்ன படித்தார் என்பதைப் பழைய கல்லூரிதான் சொல்ல வேண்டும்.

நான்காவது, ‘நாக்’ மதிப்பீடு. சுய ஆய்வு அறிக்கையில் கடந்த ஐந்து ஆண்டுகளின் விவரங்களைக் கேட்கிறார்கள். குழு வருகிறது என்றதும் ராத்திரி பகலாகப் பழைய லிங்க்குகளைத் தேடி அலைந்த அனுபவம் பேராசிரியர்கள் பலருக்கும் இருக்கும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். ‘ஆன்லைன் வகுப்பு’ என்று ஒரே பெயரில் சொல்கிறோம். அதற்குள் மூன்று வெவ்வேறு பொருட்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஆயுள் வேறு.

முதலாவது, மாணவரின் பதிவு. யார் சேர்ந்தார், எந்தத் தாள் எழுதினார், என்ன மதிப்பெண், தேர்ச்சியா இல்லையா என்பவை. இதற்குக் காலவரையே கிடையாது. கல்லூரி இருக்கும்வரை, மூடப்பட்டால் அதன் பிறகும் இருக்க வேண்டியது இது.

இரண்டாவது, பாடம். பாடத்திட்டம், பாடக் குறிப்பு, வீடியோ, வினாத்தாள், மதிப்பெண் பிரித்த முறை. இதில் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் நிரந்தரமாக வைக்கலாம்; மொத்தமே சில எம்.பி.தான். இடத்தை விழுங்குவது வீடியோ. அதில் எது மறுபடியும் பயன்படும் என்று துறையே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாவது, மாணவர்களின் அன்றாடத் தடயம். அசைன்மென்ட், விவாதத்தில் எழுதிய பதில், எத்தனை மணிக்கு லாக்-இன் செய்தார் என்ற விவரம், முகமும் வீடும் தெரியும் வகுப்புப் பதிவு. லீவுக்காக அனுப்பிய மருத்துவச் சான்றும், உதவித்தொகைக்காக ஏற்றிய சாதிச் சான்றிதழ், ஆதார் நகலும்கூட சில வகுப்பறைக் கோப்புகளில் கிடக்கும். மதிப்பெண் முடிவாகி, மறுகூட்டல், மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு இவற்றில் பெரும்பகுதிக்கு வேலை இல்லை. வைத்திருந்தால் ஆபத்துதான்.

பல கல்லூரிகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. பாடம் இருந்த மூடுல் வகுப்பு அழிக்கப்பட்டிருக்கும். பெயர், செல்போன் எண், மதிப்பெண் எல்லாம் சேர்ந்த கூகுள் ஷீட் மட்டும் ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற அனுமதியோடு ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கும்.

தினமும் பேக்கப் எடுக்கிறோமே, போதாதா?

சர்வர் பேக்கப் வேறு, ஆவணக் காப்பு வேறு. பேக்கப் என்பது நேற்று சர்வர் படுத்தால் இன்று எழுப்புவதற்கு. சில வாரங்களில் புதிய பேக்கப் பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும். 2021 வகுப்பை 2023-ல் அழித்திருந்தால், 2026-ல் எடுக்கும் பேக்கப்பில் அது இருக்காது. ஆவணக் காப்பு என்பது பத்து ஆண்டு கழித்து, அன்றைய மென்பொருள் இல்லாமலே, அன்று வேலையில் இருந்தவர்கள் யாரும் இல்லாமலே, ஒருவர் தேடி எடுத்துப் புரிந்துகொள்ளக்கூடியது.

மூடுலில் என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு வகுப்பை பேக்கப் எடுத்தால் எம்.பி.இசட். என்று முடியும் கோப்பு ஒன்று கிடைக்கும். பாடம் முழுவதும் அதற்குள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். இதில் மூன்று இடங்களில் சறுக்கலாம்.

ஆசிரியர் தன் கணக்கிலிருந்து எடுக்கும் பேக்கப்பில், அமைப்பை மாற்றாதவரை, மாணவர்களின் விவரமும் மதிப்பெண்ணும் வராது. பாடம் மட்டுமே வரும். மாணவர் விவரத்தோடு வேண்டுமென்றால் நிர்வாகி எடுக்க வேண்டும். ‘பேக்கப் இருக்கே’ என்ற தைரியத்தில் வகுப்பை அழித்தவர்களுக்கு இது தாமதமாகத்தான் தெரியவரும். தவறுதலாக அழித்ததை மீட்க ஒரு குப்பைத்தொட்டி உண்டு; வழக்கமான அமைப்பில் அது ஒரு வாரம்தான் தாங்கும்.

அடுத்து, அந்தக் கோப்பைத் திறக்க மூடுலே வேண்டும். புதிய பதிப்பில் எடுத்ததைப் பழைய பதிப்பில் விரித்தால் சரியாக வரும் என்ற உத்தரவாதம் இல்லை. வகுப்பில் பயன்படுத்திய கூடுதல் செருகுநிரல் பின்னாளில் இல்லாமல் போனால், அந்தப் பகுதி மட்டும் காணாமல் போகும். அதனால் மதிப்பெண் பட்டியலைத் தனியாக சி.எஸ்.வி. அல்லது எக்செல் கோப்பாகவும், கையெழுத்திட்ட பி.டி.எஃப். ஆகவும் எடுத்துவைப்பது அவசியம்.

கடைசியாக, வெளி இணைப்புகள். வகுப்பில் ஒட்டியிருந்த யூடியூப், கூகுள் டிரைவ் லிங்க்குகளின் முகவரி மட்டுமே பேக்கப்பில் இருக்கும். வீடியோ வராது. அந்தப் பக்கம் வீடியோவை எடுத்துவிட்டால் இங்கே வெறும் கட்டம்தான் மிஞ்சும்.

கூகுள் கிளாஸ்ரூமில்?

அதில் ‘ஆர்க்கைவ்’ என்றே ஒரு பொத்தான் இருப்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். அதை அழுத்தினால் வகுப்பு முகப்பிலிருந்து ஒதுக்கப்படும். புதிதாக எதையும் சேர்க்க முடியாது. அவ்வளவுதான். கோப்புகள் பழையபடி ஆசிரியரின் டிரைவிலேயே இருக்கும், இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

பெரிய ஆபத்து, ஆசிரியர் வேலையை விட்டுப் போகும்போது வருகிறது. பாடக் கோப்புகளும் வகுப்புப் பதிவுகளும் அவருடைய கல்லூரி மின்னஞ்சல் கணக்கோடு கட்டப்பட்டவை. அந்தக் கணக்கை நீக்கினால், மீட்பதற்கு நிர்வாகிக்கு 20 நாள்தான் அவகாசம். கௌரவ விரிவுரையாளர்களை நம்பி நடக்கும் துறைகளில், ஒருவர் விலகும் மாதத்தில் மூன்று நான்கு தாள்களின் மொத்தப் பாடமும் சத்தமில்லாமல் போய்விடலாம். பணி விடுவிப்புச் சான்றில் நூலகப் பாக்கி, ஆய்வகப் பாக்கி என்று கையெழுத்து வாங்குகிறோம். ‘வகுப்புக் கோப்புகள் ஒப்படைக்கப்பட்டன’ என்று ஒரு வரி சேர்த்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

தமிழில் உள்ள பாடங்களுக்கு என்ன சிக்கல்?

எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாளையும் பாடக் குறிப்பையும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குழம்பிக் கிடக்கும். மாணவர் பெயரைத் தமிழில் இப்படி ஏற்றியிருந்தால், பெயரைத் தேடவே முடியாது. 2010-ல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்குப் பிறகும் பழைய பழக்கத்தில் தட்டச்சு செய்தவர்கள் உண்டு. காப்பில் வைக்கும் முன் ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் கண்ணால் படித்துச் சரிபார்க்க வேண்டும். மாற்றும் மென்பொருள்கள் அவ்வப்போது எழுத்துகளை இடம் மாற்றிவிடும்.

கோப்பு வகையும் இதே மாதிரிதான். ஒரு காலத்தில் மின்பாடம் என்றால் ஃப்ளாஷ் அனிமேஷன். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. இன்று பிரவுசரில் அது ஓடாது. நீண்ட நாள் வைக்க வேண்டியவற்றுக்கென்றே பி.டி.எஃப்./ஏ என்ற தரம் 2005 முதல் இருக்கிறது. எழுத்துருவையும் தனக்குள்ளேயே சுமந்து வருவதால், எந்தக் கணினியில் திறந்தாலும் அது படிக்கும்படி இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. தான் எழுதிய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்பது அதில் பிரபலமான பகுதி. அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதியும் உண்டு. விதிகளில் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறதோ, அதுவரைதான் நிறுவனம் அதைத் தர முடியும். அதற்கு மேல் வைத்திருக்கச் சொல்லி இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அதாவது, எழுதிவைத்த கால வரம்பு இருந்தால் அழித்ததற்கும் கல்லூரியால் பதில் சொல்ல முடியும். வரம்பே எழுதாமல் அழித்தால், மாணவர் கேட்கும்போது சொல்ல நியாயமான பதில் இருக்காது.

இன்னொன்று, 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. எந்த நோக்கத்துக்காகத் தரவு வாங்கப்பட்டதோ அது முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, அழித்துவிட வேண்டும் என்பது இதன் அடிப்படை. 18 வயது நிரம்பாதவர்கள் இந்தச் சட்டத்தில் குழந்தைகள். முதலாம் ஆண்டு மாணவர்களில் கணிசமானவர்கள் அந்த வயதில்தான் சேர்கிறார்கள். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

முதல் தீர்ப்பு வைத்திருக்கும் காலத்தை எழுதச் சொல்கிறது, இரண்டாவது சட்டம் காலம் முடிந்ததும் அழிக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே தீர்வு: எதை எத்தனை வருஷம் என்று ஒரு பட்டியல்.

வெளிநாடுகளில் எப்படிக் கையாண்டார்கள்?

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கான வகுப்புப் பதிவுகளை இலவசமாக ஆன்லைனில் வைத்திருந்தது. காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி அவை இல்லை என்று 2016-ல் அந்நாட்டு நீதித் துறை சுட்டிக்காட்டியது. வசனவரி சேர்ப்பது பெரும் செலவு என்று கருதிய பல்கலைக்கழகம், 2017 மார்ச் முதல் 20,000-க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. 2022-ல் நீதித் துறையோடு உடன்பாடு ஏற்பட்ட பிறகே, அவற்றை அனைவரும் பயன்படுத்தும்படி மாற்ற ஒப்புக்கொண்டது. பாடத்தைப் பதிவு செய்யும்போதே செய்திருந்தால் சிறிய வேலையாக இருந்திருக்கும்.

எம்.ஐ.டி. வேறு வழியில் போனது. அதன் ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்தில் ஒரு பாடத்தின் புதிய வடிவம் வந்தால், பழைய வடிவம் ‘டிஸ்பேஸ்’ என்ற மின்காப்பகத்துக்குப் போய்விடும். தேடுபவருக்கு அங்கே கிடைக்கும். டிஸ்பேஸ் இலவச மென்பொருள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ‘ஷோத்கங்கா’ ஓடுவதும் இதே மென்பொருளில்தான். ஆய்வேட்டைக் காக்க நமக்கு வழி தெரிந்திருக்கிறது. வகுப்பறைப் பாடத்துக்கு அதைக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கல்லூரி எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் வேலை, கணினிப் பிரிவின் தலையில் மட்டும் இதைக் கட்டாமல் இருப்பது. எதை வைப்பது என்பது கணினிப் பிரிவு தனியாக முடிவு செய்யக்கூடியதல்ல. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், துறைத் தலைவர்கள், அலுவலகக் கண்காணிப்பாளர், நூலகர் ஆகியோர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இவர்களில் நூலகரைத்தான் பெரும்பாலும் யாரும் அழைப்பதில்லை. ஆவணங்களை வகைப்படுத்திக் காப்பதில் பயிற்சி பெற்றவர் அவர்தான்.

பட்டியல் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

• மாணவர் சேர்க்கை, மதிப்பெண், பட்ட விவரம்: நிரந்தரம்.
• பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பெண் பிரிப்பு முறை: நிரந்தரம்.
• பாடக் குறிப்பு, தேர்ந்தெடுத்த வீடியோ: குறைந்தது ஏழு ஆண்டு. கிரெடிட்டின் ஆயுளும் நாக்கின் ஐந்தாண்டும் இதற்குள் அடங்கும்.
• அசைன்மென்ட், ஆன்லைன் விடைத்தாள்: பல்கலைக்கழக விதிப்படி, மேல்முறையீடோ வழக்கோ நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை.
• மாணவர் முகம் தெரியும் வகுப்புப் பதிவு: பருவத் தேர்வு முடிவு வந்து, குறை ஏதும் இல்லையென்றால் நீக்கம்.
• ஆதார், சாதி, மருத்துவச் சான்று நகல்கள்: வகுப்பறைக் கோப்பில் வைக்கவே கூடாது, உரிய அலுவலகக் கோப்புக்கு மாற்றிவிட்டு உடனே நீக்கம்.

வைப்பதென்று முடிவானதற்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் சான்றிதழ்கள் நனைந்து அழிந்தன. நகல் சான்றிதழ் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்த முடிந்தது, மூலப் பதிவு வேறோர் இடத்தில் பத்திரமாக இருந்ததால்தான். மூலமே ஒரே சர்வரில் இருந்து, அந்த சர்வர் அறையும் தரைத்தளத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும்.

ஒவ்வொரு பாடத்தோடும் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வேண்டும்: பாடக் குறியீடு, ஆண்டு, எந்த ரெகுலேஷன், யார் நடத்தினார், கோப்புகளில் என்ன இருக்கிறது. ‘நியூ ஃபோல்டர் 3’ என்று கிடக்கும் பாடத்தைப் பத்து வருஷம் கழித்து யாராலும் அடையாளம் காண முடியாது. வருஷத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பழைய பாடத்தை உண்மையிலேயே திறந்து பார்ப்பதும் அவசியம். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது என்பது கணினித் துறையில் பழைய பாடம்.

அழிக்கும்போதும் என்ன அழித்தோம், எந்தத் தேதியில், யார் உத்தரவில் என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். காகிதக் கோப்பை அழிக்கும்போது அலுவலகங்களில் பதிவேட்டில் குறிப்பார்கள் அல்லவா, அதே நடைமுறைதான்.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

கல்லூரி செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். மதிப்பெண் சான்றிதழும் பட்டமும் டிஜிலாக்கரில் வந்திருக்கிறதா என்று பார்த்து, பெயர், பிறந்த தேதி சரியா என்று சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால், படிப்பு முடிந்த சூட்டோடு திருத்துவது சுலபம். அதில் கிடைப்பது இறுதி மதிப்பெண் மட்டும், பாடத்திட்டம் இருக்காது. அதனால் தாங்கள் படித்த ரெகுலேஷனின் முழுப் பாடத்திட்டத்தையும் இறக்கி, முடிந்தால் கல்லூரி முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

படிப்பு முடிந்ததும் கல்லூரி மின்னஞ்சல் கணக்கு எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். புராஜெக்ட் அறிக்கை, அசைன்மென்ட், ஆன்லைன் சான்றிதழ் எல்லாவற்றையும் அதற்கு முன்பே சொந்த இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விட்டுவிட்டு, வேலைக்கான நேர்காணலில் புராஜெக்டைக் காட்டச் சொல்லும்போது தேடினால், அந்தக் கணக்கே இருக்காது.